‘ஹெரிடேஜ்’ பட்டியலில் உள்ள பண்ணை வீடு: அதன் மதிப்பு உண்மையில் எதில் இருக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மத்திய மேற்குப் பகுதியில் 40 ஹெக்டேர் நிலத்தோடு ஒரு பழைய ஹோம்ஸ்டெட், அதாவது பண்ணையின் முக்கிய வீடு, வாங்கியிருக்கிறீர்கள். அது உள்ளாட்சிக் கவுன்சிலின் மரபுப் (ஹெரிடேஜ்) பட்டியலில் இருக்கிறது. பட்டியல் குறிப்பு மொத்தமே நாலு வரி: சுமார் 1862, ஜார்ஜியன் பாணி (எளிய, சமச்சீரான பழைய ஆங்கிலேயப் பாணி), சுற்றிலும் வராந்தா, ஒரு முன்னோடிக் குடும்பத்தின் வீடு. பின்னால் சாய்ந்து நிற்கும் கொட்டகைகளை இடித்துவிட்டு, ரோட்டோரமாக ஒரு பகுதியைப் பிரித்து விற்று, அந்தப் பணத்தில் வீட்டைச் சரிசெய்யலாம் என்பது உங்கள் திட்டம். பக்கத்து நிலத்துக்காரரோ, பாதி வீடு 1970-களில் கட்டியது, அதில் என்ன பெரிய மதிப்பு என்கிறார். ‘மதிப்பு இருக்கிறதா, இல்லையா?’ என்று நீங்கள் கேட்டிருந்தாலும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, அதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று நினைக்கிறேன்.

பழைய கட்டடங்களின் முக்கியத்துவத்தை மதிப்பிட்டு அறிக்கை எழுதுவது பல வருடங்களாக என் தொழில், அதுவும் இதே மாநிலத்தில். நீங்கள் போட்ட படங்களைப் பார்த்த வரையில் ஒன்றைச் சொல்வேன்: உங்கள் திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். வீட்டின் 1970-களின் பகுதியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய சுதந்திரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். இடிக்கலாம் என்று நினைக்கும் கொட்டகைகளும், விற்கலாம் என்று நினைக்கும் நிலமும்தான் அந்த இடத்தின் மதிப்பில் பெரும்பங்கைத் தாங்கி நிற்கின்றன. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மரபு மதிப்பு என்றதும் பலரும் அழகையும் வயதையும்தான் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இந்தத் துறை நடப்பது பர்ரா சாசனத்தின்படி. தெற்கு ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற பழைய செம்புச் சுரங்க ஊரில் 1979-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது அது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2013-ஆம் ஆண்டுத் திருத்தம். அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று மதிப்பைப் பல கோணங்களில் பார்க்கச் சொல்கிறது அந்தச் சாசனம். நியூ சவுத் வேல்ஸ் இதையே ஏழு அளவுகோல்களாகப் பிரித்திருக்கிறது: வரலாற்றுப் போக்கில் அந்த இடத்தின் பங்கு, குறிப்பிட்ட மனிதர்களோடு உள்ள தொடர்பு, அழகும் கட்டுமானத் திறனும், ஒரு சமூகத்துக்கு அதன் மேல் உள்ள பிடிப்பு, ஆய்வு செய்தால் புதிதாக எதையாவது சொல்லக்கூடிய வாய்ப்பு, அரிதான தன்மை, தன் வகையில் நல்ல மாதிரியாக இருப்பது. உள்ளூர் முக்கியத்துவத்துக்கு இவற்றில் ஒன்றில் தேறினாலே போதும். ‘வீடு அழகாக இல்லையே, பாதி மாறிப்போச்சே’ என்ற வாதம் அடிப்பது ஏழில் ஒன்றை மட்டும்தான். பக்கத்து நிலத்துக்காரர் சொல்வதை முழுக்க ஒப்புக்கொண்டாலும் மற்ற ஆறும் அப்படியே இருக்கின்றன.

அடுத்து அந்த நாலு வரிக் குறிப்பு. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவுன்சில் பட்டியல்களில் பல, 1980-களிலும் 90-களிலும் குறைந்த செலவில், அவசர அவசரமாகச் செய்த கணக்கெடுப்புகளிலிருந்து வந்தவை. ரோட்டில் காரை நிறுத்தி, கண்ணுக்குத் தெரிந்த முகப்பை மட்டும் எழுதிக்கொண்டு போனதும் உண்டு. உங்கள் குறிப்பில் கொட்டகை, மரங்கள், தொட்டி எதுவுமே இல்லாதது எனக்கு ஆச்சரியம் இல்லை. குறிப்பில் இல்லை என்பதற்காக அவற்றுக்கு மதிப்பு இல்லை என்றோ, சட்டப் பாதுகாப்பு இல்லை என்றோ ஆகிவிடாது. பட்டியலில் எந்த லாட் எண் (நிலப் பதிவில் ஒரு நிலத்துண்டுக்கு உள்ள எண்) கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முழு லாட்டும் பட்டியலில் இருந்தால், அதிலுள்ள கொட்டகையைத் தொடுவதும் மரபுப் பொருளைத் தொடுவதாகவே கொள்ளப்படும்.

‘சுமார் 1862’ என்ற தேதியில்தான் எனக்கு நிஜமான சந்தேகம். 1861-இல் ராபர்ட்சன் நிலச் சட்டங்கள் வந்தன. அதுவரை பெரிய மேய்ச்சல்காரர்கள் குத்தகையில் வளைத்து வைத்திருந்த அரசு நிலத்தில், சாதாரண ஆளும் 40 முதல் 320 ஏக்கர் வரை தேர்ந்தெடுத்து, ஏக்கருக்கு ஒரு பவுண்டு விலையில் கால்பங்கை முன்பணமாகக் கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றானது. நிபந்தனை, அங்கேயே குடியிருக்க வேண்டும். நிலத்தை மேம்படுத்த வேண்டும். மேய்ச்சல்காரர்கள் சும்மா இருந்தார்களா? பினாமி பெயர்களில் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீர் உள்ள துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்ச நிலத்தை யாருக்கும் உதவாமல் செய்தார்கள். நமக்கு இங்கே வேண்டியது வேறு: பட்டியல்களில் 1862, 1863, 1865 என்று வரும் தேதிகளில் பல, நிலம் எடுத்த வருடம். செங்கல் வீடு எழும்பிய வருடம் அது என்று சொல்ல முடியாது. முன்பணம் கட்டிய கையோடு யாரும் வராந்தா வைத்த செங்கல் வீடு கட்டவில்லை. குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்காக முதலில் ஒரு குடிசை போட்டார்கள். கம்பளி விற்ற காசு கைக்கு வந்து, நிலம் நம்முடையதுதான் என்று உறுதியான பிறகே நல்ல வீடு எழும்பியது.

இப்போது நீங்கள் போட்ட மூன்றாவது படத்தைப் பாருங்கள். ‘பழைய சாமான் கொட்டகை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சுவர் முழுக்கப் பிளந்த மரப்பலகை, செங்குத்தாக நிறுத்தியது. பலகைகளின் மேல்முனையும் கீழ்முனையும் பள்ளம் வெட்டிய உத்திரக் கட்டைகளுக்குள் சொருகியிருக்கின்றன. ஆணி அடித்த மாதிரி தெரியவில்லை. ஒரு பக்கச் சுவரில், கட்டடத்தின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அகலத்தில் ஒரு புகைபோக்கி. சாமான் கொட்டகைக்கு அவ்வளவு பெரிய அடுப்பு எதற்கு? தீ விபத்துக்கும் வெயில் காலச் சூட்டுக்கும் பயந்து சமையற்கட்டை வீட்டிலிருந்து தள்ளிக் கட்டுவது அந்தக் காலத்து வழக்கம். ஆக அது சமையற்கட்டாக இருந்திருக்கும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அதற்கும் முன்னால் அதுதான் குடும்பத்தின் முதல் குடியிருப்பு, பின்னால் செங்கல் வீடு வந்ததும் சமையற்கட்டாக மாறியது என்பது ஊகம். ஆனால் ஹோம்ஸ்டெட்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம்தான் இது. அப்படி இருந்தால் உங்கள் நிலத்தில் 1862-ஐச் சேர்ந்த கட்டடம் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் பாதுகாக்க நினைக்கும் செங்கல் வீடு அதைவிடப் பத்திருபது வருடம் இளையதாக இருக்கலாம்.

படத்தை வைத்து இதற்கு மேல் போகக்கூடாது. நேரில் பார்த்தால் எவை எவ்வளவு சொல்லும் என்று சொல்கிறேன். மரத்தில் உள்ள ரம்ப அடையாளம்: நேராக, இடைவெளி சீரில்லாமல் இருந்தால் குழிக்குள் ஒருவரும் மேலே ஒருவருமாக நின்று கையால் அறுத்தது, வில் போல வளைந்திருந்தால் வட்ட ரம்பம். ஆணி: கொல்லர் அடித்தது, தகட்டிலிருந்து வெட்டியது, கம்பியிலிருந்து செய்தது என்ற வரிசையில் வந்தவை, கம்பி ஆணி பரவலானது 1870-களுக்குப் பிறகு. ஆனால் அந்தக் காலத்தில் பழைய ஆணியை யாரும் தூக்கி எறியவில்லை, நிமிர்த்தி மறுபடி அடித்தார்கள். பலகையையும் அப்படித்தான் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். அதனால் ஒரு ஆணியை வைத்துத் தேதி சொல்பவரை நம்பாதீர்கள். அசல் இடத்தில் இருக்கும் கம்பி ஆணி, ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டும் சொல்லும். நெளித்தகரக் கூரைக்கு அடியில் ஏணி வைத்துப் பாருங்கள். ஷிங்கிள் எனப்படும் மர ஓடுகள் அப்படியே இருக்க, மேலே தகரத்தைப் போட்டிருப்பார்கள். இருந்தால் கை வைக்காமல் படம் மட்டும் எடுங்கள். கையால் வார்த்த செங்கலில் விரல் அடையாளம் இருக்கிறதே, அது கைதிகள் செய்ததா என்று கேட்டிருந்தீர்கள். பிரிட்டன் தன் கைதிகளை நாடுகடத்தி நியூ சவுத் வேல்ஸுக்குக் கப்பலில் அனுப்புவது 1840-இல் நிறுத்தப்பட்டது. கையால் வார்க்கும் செங்கல் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வழக்கத்தில் இருந்தது. விரல் அடையாளத்தைக் காட்டிக் கைதி வேலை என்று விற்பது வீட்டுத் தரகர்களுக்குப் பிடித்த கதை.

பெரிய கொட்டகைக்கு வருகிறேன். அது வூல்ஷெட், ஆட்டு மயிர் கத்தரிக்கும் இடம். எனக்கு ஒரு சார்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்: எந்தப் பண்ணைக்குப் போனாலும் நான் முதலில் நடப்பது இங்கேதான். வீடு ஒரு குடும்பம் எப்படி வாழ ஆசைப்பட்டது என்பதைக் காட்டும். அந்த ஆசைக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யார் உழைத்தார்கள் என்பது வூல்ஷெட்டில் இருக்கிறது. உள்ளே போய்ப் பட்டியின் கம்பங்களைத் தடவிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஆடுகள் உரசி, கம்பளிக் கொழுப்பு ஏறி, மரம் மெருகு போட்டதுபோல் கறுத்து வழுவழுவென்று இருக்கும். சுவர்ப் பலகையில் பென்சிலால் போட்ட கணக்குக் கோடுகள், மூட்டைகளில் குத்தும் முத்திரைத் தகட்டின் மை, கத்தரிப்பவர்கள் செதுக்கிய முதலெழுத்தும் வருடமும் இருக்கலாம். அண்ணாந்து பார்த்தால் உத்திரத்தில் இரும்புத் தண்டு ஓடிய தாங்கிகளோ அவற்றைக் கழற்றிய ஓட்டைகளோ தெரியும். இயந்திரக் கத்தரி வந்ததன் தடயம் அது. ஒரு முழுப் பருவமும் இயந்திரத்தால் கத்தரித்தது முதலில் நடந்தது 1888-இல், இதே மாநிலத்தில் லவுத் அருகே டன்லப் பண்ணையில். கத்தரிப்பவர்கள் தங்கிய நீளக் கட்டடத்தையும் ‘தகர ஷெட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் ஊராகப் போய் வேலை செய்த அந்த ஆட்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அவர்கள் இருந்ததற்கான சாட்சி இந்தச் சுவர்கள்தான்.

வீட்டுக்குப் பின்னால் கூம்புக் கூரையோடு தனியாக நிற்கும் சின்ன அறை இறைச்சி அறையாக இருக்கலாம். தரையோடு தரையாகச் செங்கல் குவிமாடம் தெரிகிறதே, அது மழைநீர்த் தொட்டி. குழந்தைகள் இருந்தால் முதலில் அதன் வாயைப் பத்திரமாக மூடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பழைய கழிப்பறைக் குழியைத் தோண்டிப் பாட்டில் பொறுக்க வேண்டும் என்ற ஆசை வரும், வேண்டாம். உடைந்த பீங்கானும் மருந்துப் புட்டியும் பொம்மைத் துண்டும் எந்த அடுக்கில் கிடக்கின்றன என்பதில்தான் தகவல் இருக்கிறது. முக்கியத்துவம் உள்ள தொல்பொருள் இருக்கும் என்று தெரிந்த இடத்தை அனுமதியில்லாமல் தோண்டுவது 1977-ஆம் ஆண்டு மரபுச் சட்டப்படி குற்றமும்கூட.

மரங்களும் கணக்கில் வரும். வீட்டு முகப்பில் இருபுறமும் நிற்கும் உயரமான மரங்கள் படத்தில் பன்யா பைன் மாதிரி தெரிகின்றன. குவீன்ஸ்லாந்தைச் சொந்த ஊராகக் கொண்ட மரம். சமவெளியில் வெகு தூரத்திலிருந்தே ‘இங்கே ஒரு குடும்பம் நிலைத்துவிட்டது’ என்று காட்டுவதற்காகவே 19-ஆம் நூற்றாண்டில் ஹோம்ஸ்டெட்களில் இதை நட்டார்கள். பழுக்கும் காலத்தில் அடியில் காரை நிறுத்தாதீர்கள். ஒரு காய் பத்துக் கிலோ வரைகூட இருக்கும். வூல்ஷெட் பக்கம் தொங்கும் கிளைகளோடு நிற்பது தென் அமெரிக்க மிளகு மரம், ஆட்டுப் பட்டிக்கு நிழலுக்காக நட்டது. களைச்செடி என்று யாராவது வெட்டச் சொல்வார்கள். வெட்டும் முன் கவுன்சிலைக் கேளுங்கள்.

உங்கள் பட்டியல் குறிப்பில் உள்ள ‘முன்னோடிக் குடும்பம்’ என்ற வார்த்தையை நான் அப்படியே விட மாட்டேன். மத்திய மேற்கு, விராட்ஜுரி என்ற பழங்குடி மக்களின் நாடு. அங்கே நடந்த மோதல்களால் 1824 ஆகஸ்டில் ஆளுநர் பிரிஸ்பேன் பேதர்ஸ்ட் பகுதியில் ராணுவச் சட்டத்தையே அறிவித்தார். ஹோம்ஸ்டெட் வந்ததால் அந்த மக்களின் தொடர்பு அறுந்துபோகவும் இல்லை. பல பண்ணைகளில் ஆடு மேய்த்தவர்களும் குதிரை பழக்கியவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும் அவர்களே. பேதர்ஸ்ட் அருகே புரூஸ்டேல் பண்ணையைப் பாருங்கள்: விராட்ஜுரி தலைவர் விண்டிரடைனின் சமாதி அங்கேதான் இருக்கிறது, பண்ணையின் சொந்தக்காரர்களான சட்டர் குடும்பம் அதைக் காத்து வந்தது, இன்று அது மாநில மரபுப் பதிவேட்டில் உள்ளது. உங்கள் நிலத்திலும் ஓடையோரப் பழைய மரங்களில், பழங்குடி மக்கள் பட்டை உரித்த நீள்வட்டத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். தழும்பு எல்லாமே மனிதர் செய்தது ஆகாது. மின்னலும் கிளை முறிவும் அப்படித் தழும்பு விடும். தீர்மானிக்க வேண்டியது உள்ளூர்ப் பழங்குடி நிலக் கவுன்சிலும் அதற்கான தொல்லியலாளரும்தான்; என்னைப் போன்ற கட்டடக்காரர்களிடம் கேட்காதீர்கள். அப்படிப்பட்ட பொருள் எதுவாக இருந்தாலும், நிலம் யார் பெயரில் இருந்தாலும், 1974-ஆம் ஆண்டு தேசியப் பூங்கா மற்றும் வனவிலங்குச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது.

சரி, பக்கத்து நிலத்துக்காரரின் வாதத்துக்கு வருவோம்: ‘மாறிப்போன வீடு’. டாஸ்மேனியாவில் லாங்ஃபர்ட் அருகே ஆர்ச்சர் குடும்பத்தின் வுல்மர்ஸ், பிரிக்கெண்டன் என்று இரண்டு பண்ணைகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியக் கைதித் தலங்கள் என்ற பெயரில் 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 11 இடங்களில் இவையும் அடக்கம். வுல்மர்ஸில் 1840-களில் கட்டிய பகட்டான இத்தாலியப் பாணி முகப்புக்குப் பின்னால், முதலில் கட்டிய எளிய பலகை வீடு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சிட்னி பக்கம் ரவுஸ் ஹில்லில் 1813-க்கும் 1818-க்கும் இடையில் கட்டிய வீட்டில் ஒரே குடும்பம் ஆறு தலைமுறை வாழ்ந்து, ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு எதையாவது மாற்றியது. அந்த மாற்றங்களையெல்லாம் சேர்த்துத்தான் இன்று அது அருங்காட்சியகம். ஒரு வீட்டை ஏதோ ஒரு ‘அசல்’ வருடத்துக்கு இழுத்துக்கொண்டு போவது இப்போதைய நடைமுறை இல்லை. எல்லாக் காலத்துச் சேர்க்கையும் ஒரே எடை உடையது என்றும் பொருள் இல்லை. படத்தில் பார்த்தால் உங்கள் 1920-களின் மூடிய வராந்தாப் பகுதி வைத்துக்கொள்ளத் தகுந்தது. 1970-களின் குளியலறையும் அலுமினிய ஜன்னலும் அநேகமாகக் குறைந்த மதிப்பு என்றோ இடையூறு என்றோதான் தரம் பிரிக்கப்படும். புதுச் சமையலறை, கழிப்பறை, குளிரூட்டி, வயரிங் எல்லாவற்றையும் அந்தப் பகுதிக்குள் கொண்டுபோங்கள். அதற்கு மறுப்புச் சொல்லும் மரபு ஆலோசகரை நான் பார்த்ததில்லை.

நிலத்தைப் பிரிப்பதுதான் சிக்கலான பகுதி. ஒரு மரபு இடத்தின் முக்கியத்துவம் புரிவதற்கு அதைச் சுற்றி எவ்வளவு நிலம் வேண்டும் என்பதை கர்ட்டிலேஜ் என்று சொல்வோம். அது லாட் எல்லையோடு ஒத்துப்போகலாம், அதைவிடச் சின்னதாகவும் இருக்கலாம், பெரிதாகவும் இருக்கலாம். பண்ணை என்பது ஒரு வேலை ஒழுங்கு: ஓடைக்கு மேலே வெள்ளம் ஏறாத மேட்டில் வீடு, காற்றடிக்கும் திசைக்கு மறுபக்கம் ஆட்டுப் பட்டி, வீட்டிலிருந்து வூல்ஷெட் தெரியும்படி நடுவில் திறந்தவெளி, ரோட்டிலிருந்து மரங்களுக்கு இடையே வீட்டை நோக்கி வரும் பாதை. ரோட்டோரத் துண்டில் ஒரு புது வீடும் வேலியும் வந்தால் அந்தப் பார்வை அடைபடும். அதுதான் கவுன்சில் முதலில் எழுப்பப்போகும் ஆட்சேபம். பின்பக்க மேட்டுக்கு அப்பால், வீட்டிலிருந்தும் வரும் பாதையிலிருந்தும் தெரியாத இடத்தில் ஒரு துண்டு என்றால் பேச இடம் உண்டு. மண்டல விதிகள் குறைந்தபட்சப் பரப்பைத் தனியாகக் கட்டுப்படுத்தும், அது என் துறை இல்லை. நகரத் திட்ட ஆலோசகர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மரபுப் பொருள் உள்ள நிலத்தைப் பிரிக்க எப்படியும் அனுமதி வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், வராந்தாவுக்குக் கான்கிரீட் போடுவதாக எழுதியிருந்தீர்களே, அதை உடனே நிறுத்துங்கள். முன்சுவர்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்கால் உயரம் வரை வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. அதற்கு மேல் செங்கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது, ஆனால் செங்கல்லுக்கு இடையில் உள்ள கோடுகள் மட்டும் சாம்பல் நிறத்தில் கெட்டியாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. யாரோ சிமெண்டால் பூசியிருக்கிறார்கள். அந்தச் செங்கல் மிருதுவானது. சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. மண்ணிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிக் காயும். உப்பு கலவையை அரித்தாலும் அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியே வரும். உப்பு அதன் தோலுக்குள் படிகமாகி வெடிக்கும். இப்போது மரத்தரைக்கு அடியில் காற்று போவதால் ஓரளவு காய்கிறது. அதை எடுத்துவிட்டுச் சுவரை ஒட்டிக் கான்கிரீட் போட்டால், தரைக்கு அடியில் உள்ள ஈரம் முழுக்கச் சுவருக்குத்தான் போகும். இப்போது முழங்காலில் நிற்கும் ஓதம் இடுப்புக்கு ஏறும். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் செய்வது, தரைக்கு அடியில் காற்றுத் துளைகளைத் திறப்பது, சிமெண்டைக் கவனமாக எடுத்துச் சுண்ணாம்பு பூசுவது, இந்த வரிசையில் போங்கள். மெஷின் வைத்துச் சிமெண்டை வெட்டினால் செங்கல்லின் ஓரமும் சேர்ந்து போகும்.

அனுமதி விஷயம் பலரும் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. உங்களுடையது கவுன்சில் பட்டியல், அதாவது நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உள்ளூர்த் திட்டத்தின் 5-ஆவது அட்டவணை. மாநில மரபுப் பதிவேடு வேறு, அதன் விதிகள் இன்னும் இறுக்கமானவை. உங்கள் நிலையில் அந்த உள்ளூர்த் திட்டத்தின் 5.10 என்ற பிரிவுதான் எல்லாம். சின்னப் பராமரிப்பு வேலை என்றால் கவுன்சிலுக்கு எழுதுங்கள். தனி அனுமதி தேவையில்லை என்று அவர்கள் எழுத்தில் தரலாம். இடிப்பதற்கும், வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கும் அனுமதி கட்டாயம். அதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு சலுகையும் உண்டு: கட்டடத்தைக் காப்பாற்ற உதவும் என்றால், அந்த மண்டலத்தில் வழக்கமாக அனுமதிக்காத பயன்பாட்டுக்குக்கூட கவுன்சில் ஒப்புதல் கொடுக்கலாம். வூல்ஷெட்டில் கல்யாண நிகழ்ச்சிகள் நடத்துவது, கத்தரிப்பவர் விடுதியில் விருந்தினர் தங்குவது போன்ற யோசனைகளுக்கு இந்த வழியில் முயலலாம். நிலத்தைத் துண்டு போட்டு விற்பதைவிட இது உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து; வருமானக் கணக்கு நீங்கள்தான் போட வேண்டும்.

சந்தை விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மரபு மதிப்பும் விற்பனை விலையும் வேறு வேறு. பட்டியலில் இருப்பதால் விலை கூடும் என்றோ குறையும் என்றோ பொதுவாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். நிலவரிக்கான மதிப்பீட்டில் மட்டும், மரபுக் கட்டுப்பாட்டைக் கணக்கில் எடுக்கும்படி மாநிலத்தின் மதிப்பீட்டுத் தலைவரிடம் விண்ணப்பிக்க வழி உண்டு.

ஒரு ஆலோசகரை அமர்த்தும் முன் நீங்களே இலவசமாகச் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. மாநில அரசின் பழைய நிலப் பதிவேட்டு இணையதளத்தில் உங்கள் பாரிஷ் வரைபடத்தை (நிலத்துண்டுகளைக் காட்டும் பழைய வட்டார வரைபடம்) தேடுங்கள். நிலத்துண்டின் மேல் முதலில் எடுத்தவரின் பெயரும், 1861 சட்டப்படி நிலம் எடுத்ததற்கான நிபந்தனைக் கொள்முதல் எண்ணும் எழுதியிருக்கும். அந்த எண்ணை வைத்து மாநில ஆவணக் காப்பகத்தில் கோப்பைக் கேட்கலாம். குடியிருப்பு நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்க வந்த ஆய்வாளர், என்ன கட்டடம் இருந்தது, என்ன மதிப்பு என்று எழுதிய அறிக்கை கிடைத்தால் பலகைக் கட்டடத்தின் தேதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். 1863-க்கு முன் அரசு கொடுத்த நிலம் என்றால் டோரன்ஸ் பதிவில் (அரசே நில உரிமையைப் பதிந்து உறுதிசெய்யும் முறை) தொடக்கம் இருக்காது, பழைய முறைப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பண்ணையின் பெயரைப் போட்டால் ஏலம், தீ, கல்யாணம், கத்தரிப்புப் பருவம் என்று உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திகள் வரும். ஏல விளம்பரங்கள் கட்டடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும், ஆனால் விற்பவர் எழுதியது என்பதை மறக்க வேண்டாம். கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு கவுன்சிலின் மரபு ஆலோசகரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். பல கிராமப்புறக் கவுன்சில்களில் மாதத்தில் சில நாட்கள் வருவார். கட்டணம் பெரும்பாலும் இருக்காது. கட்டட வரைபடம் போடுபவருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு அவரை அந்தப் பலகைக் கட்டடத்தின் புகைபோக்கி முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். பாரிஷ் வரைபடத்தில் பெயரும் எண்ணும் கிடைத்தால் இங்கே போடுங்கள், கோப்பை எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.